சான்றுப் பொருள் வரிசை எண் 4

கட்டைப் பிரித்ததும் மேலாக இருந்தவை இரண்டு தாள்கள். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து, ஒரே பெண்ணின் பெயர். முதல் தாள் எஃப்.ஐ.ஆர். அதில் அவர் இரண்டாம் எதிரி. தொழிலுக்கு ஆள் அழைத்ததாக விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் குற்றச்சாட்டு. அடுத்தது, குற்றவியல் நடுவருக்குப் போட்ட மனு. அதில் அதே பெண் மீட்கப்பட்டவர், ஆதரவற்றவர், பாதுகாப்பும் மறுவாழ்வும் தேவைப்படுபவர். ஆகவே 17-ஆம் பிரிவின்படி அவரைப் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிட வேண்டும். காலையில் குற்றவாளி, சாயங்காலம் அபலை என்றிருந்தால்கூட ஏதோ விசாரித்து மனம் மாறியிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் டைப் அடித்திருந்தார்கள்.

2008-ஆம் ஆண்டு அது. தென்மாவட்டத்து ஊர் ஒன்றில், பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜில் நடந்த ரெய்டு. அறையில் இருந்த ஆண் எதிரி அல்ல. அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி. லாட்ஜ் மேனேஜர் முதல் எதிரி, விபசார விடுதி நடத்தியதாக 3-ஆம் பிரிவு. அவர் சீக்கிரமே ஜாமீன் வாங்கிப் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் எதிரியான என் கட்சிக்காரருக்கும் 8-ஆம் பிரிவு வழக்கில் ஜாமீன் கிடைத்தது. என்ன பிரயோசனம்? எதிரி என்ற முறையில் அவர் வீட்டுக்குப் போகலாம், மீட்கப்பட்டவர் என்ற முறையில் உள்ளே இருக்க வேண்டும். நடுவர் 17(4)-இன் கீழ் ஓராண்டு இல்லத்தில் வைக்க உத்தரவு போட்டிருந்தார். சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் காலமே அதுதான். மூன்றாண்டு வரை போடலாம்.

வழக்கை என்னிடம் கொண்டுவந்தது குடும்பத்தார் இல்லை. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றின் களப் பணியாளர், மீசை அரும்பிய பையன். “மேடம், அவங்க எங்க பியர் எஜுகேட்டர். எங்க ஸ்டாக்கோட சேத்துப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க” என்றார். ஸ்டாக் என்றால் என்ன என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே பறிமுதல் மகஜரை எடுத்து நீட்டினார்.

விபசாரத் தடுப்பு (ஐ.டி.பி.) வழக்குகளின் மகஜர்கள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ரொக்கம் இவ்வளவு, கைபேசி ஒன்று, தலையணை உறை ஒன்று. இதிலோ, வரிசை எண் 3: ஆணுறைகள், முப்பத்தெட்டு. வரிசை எண் 4: மரத்தாலான ஆபாசப் பொருள், ஒன்று.

அந்த நான்காவது பொருள் அரசுத் திட்டத்தின் சொத்து. ஆணுறையைச் சரியாக அணிவது எப்படி என்று செய்து காட்டுவதற்காக, கைக்கு அடக்கமாகக் கடைந்து மெருகேற்றிய மர மாதிரி. பயிற்சி முடித்த ஒவ்வொரு சக கல்வியாளருக்கும் ஒன்று கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். ஆணுறைகளும் அப்படியே. ‘இலவச விநியோகம், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த பொட்டலங்கள். எச்.ஐ.வி. தடுப்புக்கென்று தனிச் சங்கம் அமைத்ததில் இந்தியாவுக்கே முன்னோடி தமிழ்நாடு. 1994-இலேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்துவிட்டது. அந்தச் சங்கத்தின் ஏற்பாட்டில் போய்ச் சேர்ந்த உறைகளை இன்னொரு துறை குற்றத்துக்குச் சான்றாகப் பறிமுதல் செய்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துடன் அரக்கு வைத்து ஒட்டியிருந்தது. திட்ட அலுவலகத்தின் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த வாரம் அவர் பெயரில் வழங்கியது ஐம்பது. அரசாங்கத்தின் ஒரு பதிவேட்டில் பற்று, இன்னொரு பதிவேட்டில் வரவு. கணக்கு கிட்டத்தட்ட நேராகவே இருந்தது.

மகஜரில் கையெழுத்திட்டவர்கள் லாட்ஜின் ரூம் பாயும் எதிர்க் கடை டீ மாஸ்டரும். வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டால் அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இரண்டு பேராவது சாட்சி இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. பெண் சாட்சி கிடைப்பதில்லை என்பார்கள் போலீஸார். உண்மைதான், லாட்ஜ் ரெய்டுக்குச் சாட்சி சொல்ல எந்தப் பெண் வருவார்?

வக்காலத்தில் கையெழுத்து வாங்க இல்லத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் அறையில்தான் பேச வேண்டும், அவர் எதிரிலேயே. என் கட்சிக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். உள்ளே என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

“தையல் கத்துக் குடுக்காகம்மா.”

“நல்லதுதானே?”

அவர் கண்காணிப்பாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “திருப்பூர்ல பனியன் கம்பெனியில அஞ்சு வருசம் ஓவர்லாக் அடிச்சவம்மா நானு. இங்க மிதி மிசின்ல எனக்கு நேர்தையல் போடச் சொல்லித் தாராக. டீச்சரம்மாவுக்கு நூல் அந்துபோனா நாந்தேன் கோத்துக் குடுக்கேன்.”

பனியன் கம்பெனியை ஏன் விட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். இரவு ஷிஃப்ட், இழுத்துக்கொண்ட தோள்பட்டை, விட்டுப்போன கணவர், அதன்பின் கணக்குக்கு வராத கடன். அழவெல்லாம் இல்லை. மளிகைச் சீட்டு வாசிப்பதுபோலச் சொன்னார். மறுவாழ்வு என்ற பெயரில் அரசு அவருக்குக் கொடுக்க வைத்திருந்தது, அவர் ஏற்கெனவே வாழ்ந்து கைவிட்ட வாழ்வை. அதுவும் அந்தச் சம்பளத்தில் பாதிகூட வராத ஒன்றை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கேட்டது வழக்கைப் பற்றி இல்லை. “எம் மகனுக்கு வாற மாசம் பதினெட்டு முடியுது. ஐ.டி.ஐ. படிக்கான். பதினெட்டு ஆனா அவன் மேலயும் கேசு வருமாம்லம்மா? இங்க உள்ள பொண்ணுக சொல்லுதாக.”

வரும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொருவர் இந்தத் தொழிலில் ஈட்டும் வருமானத்தில் தெரிந்தே வாழும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் 4-ஆம் பிரிவின்படி குற்றவாளி. தரகனைப் பிடிப்பதற்காக எழுதிய பிரிவு. ஆனால் வாசகம் தரகன் என்று சொல்லவில்லை, எவரும் என்கிறது. தாய் கட்டும் கட்டணத்தில் படிக்கும் மகனும், மகள் வாங்கிக் கொடுக்கும் மாத்திரையில் உயிர்வாழும் பாட்டியும் அந்த ‘எவரும்’ என்பதற்குள் வந்துவிடுகிறார்கள். அதேபோல, இரண்டு பெண்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே வீட்டில் இந்தத் தொழிலைச் செய்தால் அந்த வீடு சட்டப்படி விடுதி. தனியாக இருந்தால் விடுதி இல்லை. ஆனால் தனியாக இருப்பவளைத்தான் யார் வேண்டுமானாலும் அடித்துவிட்டுப் போகலாம்.

இத்தனையும் சேர்ந்த சட்டத்தில், வயதுக்கு வந்த ஒருவர் தன் விருப்பத்தோடு, பொது இடத்திலோ அதன் அருகிலோ இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது எங்கும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள்கூட நம்ப மறுக்கும் செய்தி இது. 1950 மே மாதம் நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தத்தை நிறைவேற்ற வந்தது இந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம். ஆள் கடத்தலை ஒழிப்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் நோக்கம். தொழிலைத் தடை செய்யத் துணிவில்லை, அனுமதிக்கவும் மனமில்லை. ஆகவே தொழிலைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்கினார்கள். 1986-இல் திருத்தியபோது ‘பெண்’ என்ற இடங்களில் ‘நபர்’ என்று போட்டுச் சமத்துவம் கொண்டுவந்தார்கள். அதே திருத்தத்தில் 8-ஆம் பிரிவுக்கு ஒரு வரம்புரையும் சேர்ந்தது: அந்தக் குற்றத்தைச் செய்தவர் ஆணாக இருந்தால் தண்டனை ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை. பெண்ணுக்கு முதல் முறையே ஆறு மாதம் வரை போகலாம். இதை எழுதிய வரைவாளரைச் சந்தித்தால் ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் காரணம் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

இல்லம் என்ற ஏற்பாட்டுக்கும் தமிழ்நாட்டில் ஒரு முன்கதை உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து கண்டறிந்தது. ரத்த மாதிரிகளை நிர்மலா எடுத்தது எங்கே என்றால், இந்தச் சட்டத்தில் பிடிபட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். மருத்துவத்துக்குப் பெரிய கண்டுபிடிப்பு. அடுத்த சில ஆண்டுகளில் இல்லத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பரிசோதனை, கிருமி இருந்தால் காலம் முடிந்தும் விடுவதில்லை என்ற நிலை வந்தது. பொதுநல வழக்கு உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். சுகாதாரத் துறை அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது. அடைத்து வைத்தால் கிருமி தெருவுக்குப் போய் ஒளிந்துகொள்ளும், அந்தப் பெண்களையே வேலைக்கு வைத்தால்தான் கட்டுப்படும். என் கட்சிக்காரரின் அடையாள அட்டை அந்தப் பாடத்தின் விளைவு. காவல் துறைக்கும் சமூக நலத் துறைக்கும் அந்தப் பாடத்தை யாரும் அனுப்பி வைக்கவில்லை.

ஆக, இந்த விஷயத்தில் அரசின் கொள்கை என்ன என்று கேட்டால், என் மேசையிலேயே மூன்று இருந்தன. ஒரு துறைக்கு அவர் எதிரி, ஒரு துறைக்கு அபலை, ஒரு துறைக்கு ஊழியர். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. அவரிடம் கேட்டதும் இல்லை.

டெல்லியிலும் அப்போது இதே கதைதான். 1956 சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்று 2006-இலிருந்து நாடாளுமன்றத்தில் கிடந்தது. ஆள் அழைப்பதைக் குற்றமாக்கும் 8-ஆம் பிரிவை நீக்குவது அதில் ஒரு பாதி. வாடிக்கையாளரைத் தண்டிக்க 5-சி என்று புதுப் பிரிவு சேர்ப்பது மறு பாதி. 1999-இல் சுவீடன் போட்ட வழி அது: விற்பவரை விடு, வாங்குபவரைப் பிடி. கொண்டுவந்தது பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். வாடிக்கையாளர் பயந்து மறைவிடம் தேடினால் தடுப்புத் திட்டமே குலையும் என்று எதிர்த்தது சுகாதார அமைச்சகம். ஒரே அமைச்சரவைக்குள் இழுபறி. 2009-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

இல்லத்தில் வைத்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுக்குத் தயாராகும்போது நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் படித்தேன். அங்கே அது ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது, 60-க்கு 59. தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துத் தொழிலாளர் சட்டத்துக்கும் சுகாதார விதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ஐந்தாண்டுக்குள் பார்த்துச் சொல்ல ஒரு குழு வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி, அதில் பாலியல் தொழிலாளர்களின் அமைப்பு நியமிக்கும் உறுப்பினர்களுக்கும் இடம் வைத்தார்கள். நம் சட்டத்திலும் ஒரு குழு உண்டு. 17(5): நடுவருக்கு உதவ, மரியாதைக்குரியவர்கள் ஐந்து பேர், இயன்றவரை மூன்று பேர் பெண்கள். இந்த வழக்கில் அந்த ஐந்து பேரும் இல்லை என்பதுதான் என் மேல்முறையீட்டின் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை. அச்சடித்த படிவம். பெயர், வயது, சாதி, ஊர் மட்டும் பேனாவால் நிரப்பியது. ‘குடும்பச் சூழல்’ என்ற கட்டத்தில் ‘சரியில்லை’. ‘விருப்பம்’ என்ற கட்டம் காலி.

அமர்வு நீதிபதி பொறுமையானவர். அரசு வழக்கறிஞர், இது அந்தப் பெண்ணின் நன்மைக்கான உத்தரவு, தண்டனை அல்ல என்றார். நீதிபதி கட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “ஏங்க பி.பி., இந்தம்மா அக்யூஸ்டா, விக்டிமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

“சட்டப்படி ரெண்டும்தான் ஐயா.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது சரி. சட்டம் அப்படித்தான் இருந்தது.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. முறையான விசாரணை இல்லை, வயதுக்கு வந்தவரின் விருப்பத்தைக் கேட்டுப் பதிவு செய்யவில்லை, ஆகவே இல்லத்தில் வைத்த உத்தரவு ரத்து. நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தவர் அன்று சாயங்காலம் வெளியே வந்தார். ஆணுறையைச் சான்றாக எடுக்கலாமா என்று நான் எழுதியிருந்த மூன்று பக்கங்களைத் தீர்ப்பு தொடவில்லை. அது 8-ஆம் பிரிவு வழக்கில் பார்க்க வேண்டியது என்றார் நீதிபதி. அதுவும் நியாயமே.

அந்த வழக்கைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன். 8-ஆம் பிரிவு கேட்பது பொது இடத்தில் அழைத்ததை, அல்லது பொது இடத்திலிருந்து கண்ணில் படும்படி அழைத்ததை. இங்கே தாழிட்ட அறை, இரண்டாம் மாடி. மூன்றாம் சாட்சி கொடுத்திருந்த விலாசத்தில் அப்படி ஒருவரே இல்லை. மரப் பொருளை எடுத்து வைத்து இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய, கேள்விகளைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

என் கட்சிக்காரர் வந்து, “ஒத்துக்கிடுதேம்மா, ஃபைனைக் கட்டிப்புடுவோம்” என்றார்.

ஜெயிக்கக்கூடிய வழக்கு என்று விளக்கினேன். ஒப்புக்கொண்டால் 10-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, தண்டனைக்குப் பதிலாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சீர்திருத்த நிலையத்துக்கு அனுப்ப முடியும் என்று பயமும் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேப்பர்க்காரப் பயலுக வாசல்லயே நிக்கானுக. போன தடவ ‘அழகி’ன்னு போட்டுட்டானுக. எம் மகன் படிக்கிற எடத்துல பேப்பர் வாங்குவாகம்மா” என்றார். நம் செய்தித்தாள்களில் இந்தப் பெண்கள் எல்லாரும் அழகிகள்தான். முகத்தைத் துப்பட்டாவால் மூடிய படத்துக்குக் கீழேயும் அப்படித்தான் போடுவார்கள்.

அந்த ஊர் நடுவர் 10-ஏ பக்கம் போகிறவர் அல்ல என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ள வைத்தேன். கோர்ட் கலையும் வரை சிறை, அபராதம் சில நூறு. சாயங்காலம் வரை பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். என் கேள்வித்தாள் கட்டிலேயே கிடந்தது. மேல் நீதிமன்றம் வரை போய் ஒரு சட்டப் பிரச்சினை தீர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வாய்தா வாய்தாவாக வந்து நிற்க வேண்டும். வந்து நிற்க முடியாதவர்களின் பிரச்சினைகள் தீராமல் போவது இப்படித்தான்.

பிறகு தணிக்கை வந்தது. திட்ட அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் மர மாதிரி ஒன்று குறைவதாக ஆடிட்டர் எழுதிவிட்டார். களப் பணியாளர் பையன் மறுபடி வந்து நின்றார். பொருளைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டேன். பெஞ்ச் கிளார்க் பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலத்தைச் சொத்து அறையிலிருந்து கொண்டுவந்து, பிரிக்காமலே மேசையில் வைத்தார். மனுவில் ‘செயல்முறை விளக்க மாதிரி’ என்று நான் எழுதியிருந்தேன். மகஜரில் ‘ஆபாசப் பொருள்’. எதை உத்தரவில் எழுதுவது என்று நடுவர் சற்று யோசித்தார். ‘வரிசை எண் 4-இல் கண்ட பொருளை மனுதாரரிடம் ஒப்படைக்கவும், வரிசை எண் 3-இல் கண்டவற்றை அழிக்கவும்’ என்று முடித்தார். முப்பத்தெட்டு உறைகளையும் நீதிமன்ற வளாகத்துக்குப் பின்னால் குப்பையோடு கொளுத்தியதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆணுறைக்கு விடை வேறொரு வழியில் வந்தது. 1999-இல் கொல்கத்தாவில் பாலியல் தொழிலாளி ஒருவரை அடித்துக் கொன்ற புத்ததேவ் கர்மாஸ்கர் என்பவரின் மேல்முறையீட்டை 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அதைத் தாங்களாகவே பொதுநல வழக்காக மாற்றி, மூத்த வழக்கறிஞர் பிரதீப் கோஷ் தலைமையில் குழு அமைத்தார்கள். கொல்கத்தா சோனாகாச்சியின் பாலியல் தொழிலாளர் அமைப்பான துர்பார் மகளிர் சமன்வய கமிட்டிக்கும் அதில் இடம் கிடைத்தது. நாடாளுமன்றம் செய்யாமல் விட்டதைக் கொலை வழக்கு ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு செய்தார்கள்.

2022 மே 19 அன்று நீதிபதி நாகேஸ்வர ராவ் அமர்வு, ஒன்றிய அரசு சட்டம் கொண்டுவரும் வரை என்று சொல்லிச் சில பரிந்துரைகளை உடனே கடைப்பிடிக்க உத்தரவிட்டது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றமாகவோ குற்றத்துக்குச் சான்றாகவோ கொள்ளக் கூடாது என்பது அதில் ஒன்று. இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக அடைபட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வழி செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்றிய அரசு தயக்கம் தெரிவித்த பரிந்துரைகள் அந்த உடனடிப் பட்டியலில் சேரவில்லை. ரெய்டில் தொழிலாளியைக் கைது செய்யக் கூடாது என்பதும் சேராதவற்றில் ஒன்று. எல்லாப் பரிந்துரைகளும் சேர்ந்துவிட்டதாகவே பத்திரிகைகள் எழுதின. இன்றும் இளம் வழக்கறிஞர்கள் அந்தச் செய்தியை நம்பிக்கொண்டு நடுவர் முன் போய் முழிக்கிறார்கள்.

அந்த உத்தரவு வந்து சில வாரம் கழித்து என் பழைய கட்சிக்காரர் போன் செய்தார். மகன் வேலைக்குப் போய்விட்டான், தான் இப்போது திட்டத்தில் முழுநேரம் என்றார். கூட உள்ள வயதான ஒருவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் சான்று இருந்தால் விலாசச் சான்று இல்லாமலே ஆதார் கிடைக்கும் என்கிறார்கள், அது நிஜமா? நிஜம்தான், அதே வழக்கில் சொல்லியிருக்கிறது என்றேன்.

“அந்தச் சர்டிபிகேட்டுல இன்ன தொழிலுன்னு எழுதுவாகளா? அந்த லிஸ்ட் ஸ்டேஷனுக்குப் போயிராதுல்லம்மா?”

ரகசியம் காக்க வேண்டும், ஆதார் எண்ணில் தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவிலேயே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் கணக்குப் போடும் மௌனம்.

“கோர்ட்டு சொல்லிருச்சு, சரி. நம்ம ஊரு ஸ்டேஷன்ல அதப் படிச்சிருப்பாகளா?”

முக்கியமான பகுதிகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குச் சுருக்கி, இரண்டு பிரதி அனுப்பினேன். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் கையாலேயே ஸ்டேஷனில் கொடுப்பதற்கு. ஆணுறை பற்றிய வரிக்குக் கீழே மட்டும் தடிமனாகக் கோடு போடச் சொல்லியிருந்தார். போட்டேன்.